அம்மாவின் போனில் பிள்ளை: திருகோணமலை மாவட்டத்தில் இணையப் பாதுகாப்பு எவர் பொறுப்பு?

கேள்வி

சிறுவரும் இணையமும் என்ற கருத்தரங்கு பாடசாலை மண்டபத்தில் நடந்தாலும் பிரதேச செயலகத்தில் நடந்தாலும் கடைசியில் பெற்றோரிடம்தான் வந்து நிற்கிறது. பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் என்ன பார்க்கிறது என்று கவனியுங்கள் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. திருகோணமலை மாவட்டத்தில் அதைக் கேட்க முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். அவர்களில் பலர் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தவர்களே அல்லர். வீட்டில் இருப்பது ஒரேயொரு போன், அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

இக்கட்டுரை அந்த ஒற்றைப் போனைப் பற்றியது. உலகில் இன்று நடைமுறையிலுள்ள சிறுவர் இணையப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, ஆளுக்கொரு கருவி, கருவிக்கொரு கணக்கு, கணக்குக்கொரு வயது என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டவை. கருவியைக் குடும்பமே பங்கிட்டுக்கொள்ளும் ஊரில் அவை எப்படி இயங்குகின்றன? இயங்காமல் போகும்போது பொறுப்பு எவர் தலையில் விழுகிறது? இவ்விரண்டையுமே இங்கு பரிசீலிக்க முயல்கிறேன்.

மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் சுற்றி, வடக்கே புல்மோட்டை முதல் தெற்கே வெருகல் வரை 11 பிரதேச செயலகப் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி 379,541 பேர். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று மூன்று சமூகத்தாரும் இருக்கிறார்கள், எவரும் பாதிக்கு மேல் இல்லை. கடலும் வயலும் துறைமுக வேலையும் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களும் மத்திய கிழக்கிலிருந்து வரும் பணமும்தான் வருமானம். இந்தக் கடைசி வருமானத்துக்கும் போனுக்கும் உள்ள உறவு பின்னர் வரும்.

இணையம் வீட்டுக்குள் வந்த வழி

தெற்காசியாவின் முதல் கையடக்கத் தொலைபேசிச் சேவை இலங்கையில், 1989இல் தொடங்கியது. அந்தப் பெருமையில் கிழக்கின் கிராமங்களுக்குப் பங்கு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. போர்க்காலத்தில் இங்கே தொலைபேசி என்றால் கொமியுனிகேஷன் கடைதான். இணையமும் முதலில் அப்படியான பொது இடமொன்றிலேயே கிடைத்தது. 2005 முதல் அரசு நாடு முழுவதும் திறந்த அறிவகம் என்ற கணினி நிலையங்கள், அவற்றோடு சந்திக்குச் சந்தி முளைத்த நெட் கஃபேக்கள். அங்கே போகும் பிள்ளையைக் கடைக்காரர் காண்பார், தெருவும் காணும். அந்தக் காலத்தை நல்ல காலமென்று சொல்ல வரவில்லை. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது அக்கடைகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பொறுப்பாளி என்று சுட்டிக்காட்ட அங்கே ஓர் ஆள் இருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை போனைப் பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாது என்றிருந்த அதே ஆசிரியர்கள், ஒரு சில வாரங்களில் வட்ஸ்அப் குழுவில் சேராத பிள்ளையின் வீட்டைத் தேடத் தொடங்கினார்கள். லேர்ன் ஏசியா நிறுவனம் 2018இல் நடத்திய ஆய்வின்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுள்ள இலங்கை வீடுகளில் ஸ்மார்ட்போனோ கணினியோ இருந்தவை 48%, ஏதாவதோர் இணைய இணைப்பு இருந்தவை 34% மட்டுமே. தேசிய சராசரி இது. மேல் மாகாணத்தின் வசதியும் இதற்குள் கலந்திருக்கிறது. ஊவா மலைக் கிராமமொன்றின் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையேறிய படங்கள் 2021இல் உலகச் செய்திகளில் வந்தன. இம்மாவட்டத்து ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகளுக்கு ஏற மலையும் இல்லை.

கடன்பட்டும் நகை அடகு வைத்தும் போன் வாங்கப்பட்டது. 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. ஒக்டோபர் வரை வகுப்பு நின்றது, போன் நிற்கவில்லை. என் வாசிப்பில், பிள்ளையின் இணையப் பழக்கம் உருவான காலம் பாடம் நடந்த மாதங்களைவிடப் பாடம் நடக்காத இந்த மாதங்கள்தான். அடுத்த ஆண்டு 13 மணி நேர மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் மறுபடி பாடசாலைகளை மூடின. 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20% ஏறின. இரண்டாவது போன் வாங்கும் எண்ணம் பல வீடுகளில் அத்தோடு போயிற்று.

ஒரு கணக்கு, ஐந்து பேர்

மூதூர், தோப்பூர், கிண்ணியாப் பக்கத்து வீடுகளில் அந்தப் போனின் ஒருநாளைக் கவனித்தால் பல விடயங்கள் புலப்படும். கண்ணாடி வெடித்திருக்கும். உறைக்குள் பழைய ரீலோட் அட்டையும் அடையாள அட்டைப் பிரதியும் செருகியிருக்கும். விடிய முன்னரே அது பொலித்தீன் பையில் சுற்றப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டு, பத்து மணியளவில் மீன் வாசத்தோடு திரும்பும். மத்தியானத்துக்குப் பிறகு ஐந்தாம் தரப் பிள்ளை புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளைத் திறக்கும். வினாத்தாள் வட்ஸ்அப்பில் வந்தது. அதை மூடினால் பக்கத்திலேயே யூடியூப் இருக்கிறது. பின்னேரம் மூத்தவன் வாங்கிக்கொண்டு மீன்வாடிக்குப் போய் நண்பர்களோடு ப்ரீ பயர் விளையாடுவான். இரவு சமையல் காணொளியும் நாடகமும் உம்மாவுக்கு. குவைத்திலிருந்தோ ரியாத்திலிருந்தோ ஐமோவில் அழைப்பு வந்தால் எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சின்னத் திரையைச் சுற்றி உட்காருவார்கள்.

நிறுவனங்களின் கண்ணில் இந்த ஐந்து பேரும் ஒரே ஆள். முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சிம் எவர் பெயரில் இருக்கிறதோ அவர். தேசிய அடையாள அட்டை 15 வயதில்தான் எடுக்கலாம் என்பதால் அதற்கு முன் பிள்ளையின் பெயரில் சிம் பெறுவதற்கு வழியில்லை. எனவே பேஸ்புக், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாம் வைத்திருக்கும் 13 வயது எல்லை இங்கே மீறப்படவே இல்லை. விதிப்படி எல்லாம் சரி. கணக்கு வளர்ந்தவருடையது. 2024 செப்டெம்பரில் இன்ஸ்டகிராம் பதின்வயதினருக்கென அறிமுகப்படுத்திய தனிக் கணக்குகளும், 16 வயதுக்குக் கீழானவர் அமைப்பை மாற்றப் பெற்றோர் அனுமதி வேண்டுமென்ற விதியும் இந்த வீட்டுக்குள் நுழையாது. அந்தப் பிள்ளை இருப்பதே நிறுவனத்துக்குத் தெரியாது.

இதன் விளைவுகளில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம். முதலாவது பரிந்துரை. அடுத்து எந்தக் காணொளியைக் காட்டுவது என்று கணிக்கும் பொறி, அந்தக் கணக்கில் பார்க்கப்பட்டவற்றின் மொத்தத்தை வைத்தே கணிக்கிறது. இரவு பன்னிரண்டுக்கு அண்ணன் பார்த்ததன் நிழல் அடுத்த நாள் மாலை தங்கையின் கார்ட்டூனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவள் ஒன்றையும் தேடவில்லை. என்ன தேடினாய் என்று அவளை அதட்டுவதில் பொருளில்லை.

இரண்டாவது, அந்நியர் தொடர்பு. ஐமோவிலும் மெசஞ்சரிலும் பெண் பெயருள்ள கணக்கென்றால் முகந்தெரியாத ஆண்களின் செய்திகள் வருவது நாள்தோறும் நடப்பது. தாய் அவற்றைப் பார்க்காமலே தள்ளிவிடப் பழகியவள். ஒன்பது வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்து, விளையாட்டாகப் பதிலும் போடும். குறிவைக்கப்பட்டது பிள்ளையல்ல. ஆனால் பதில் வந்த பிறகு, மறுமுனையில் இருப்பது பிள்ளை என்று அறியும் ஆளும் இருக்கிறான்.

மூன்றாவது, பணம். ப்ரீ பயரில் டயமண்ட் வாங்கக் காசு வேண்டும். பெட்டிக்கடையில் அம்மா சொன்னவ என்று சொல்லி ரீலோட் போடுவது எளிது. வீட்டில் சண்டை வெடிப்பது பெரும்பாலும் இதில்தான். மற்ற இரண்டும் கண்ணில் படுவதில்லை, இது மீதிப்பணத்தில் தெரிந்துவிடுகிறது.

இதோடு வெளிநாட்டுத் தாய்மாரின் விடயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போகும் தாய்மார் இம்மாவட்டத்தில் பலர். 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்வதைத் தடுத்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. அப்படிப் போனவளின் பிள்ளை மூத்தம்மாவிடம் வளர்கிறது. அதற்குத் தாய் என்பவள் ஐமோவில் வருகிறவள். போனைப் பறித்து வையுங்கள் என்று இந்த வீட்டில் சொன்னால் எதைப் பறிக்கச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

காவலா, கண்காணிப்பா: ஆய்வுகள் சொல்வன

உலக அளவில் இன்று சூடாக நடக்கும் விவாதம் சமூக உளவியலாளர் ஜொனதன் ஹைட்டின் 2024ஆம் ஆண்டு நூலைச் சுற்றியது. ஸ்மார்ட்போன்தான் ஒரு தலைமுறையின் மனநலத்தைக் குலைத்தது என்கிறார் அவர். தரவுகள் காரண காரியத்தை நிறுவவில்லை என்று நேச்சர் இதழில் மறுத்தார் உளவியலாளர் கென்டிஸ் ஒட்ஜர்ஸ். இரு தரப்பும் பேசுவது தன் அறையில் தன் போனோடு தனித்திருக்கும் பதின்வயதினரைப் பற்றி. நம் கேள்விக்கு அது அதிகம் உதவாது.

சோனியா லிவிங்ஸ்டன் குழுவினரின் ஐரோப்பிய ஆய்வுகள் கூடுதலாகப் பயன்படும். பெற்றோர் தலையீட்டை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: தடுத்தல், கூட நின்று வழிகாட்டுதல். 2017இல் வெளியிட்ட முடிவின்படி, தடுத்தல் ஆபத்தைக் குறைக்கிறது, அதே வேளையில் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்புகளையும் குறைக்கிறது. வழிகாட்டப்படும் பிள்ளைக்கு வாய்ப்பும் கூடும், ஆபத்தும் கூடும், ஆனால் ஆபத்தைக் கையாளும் திறனும் கூடவே வளரும். இதை அப்படியே இங்கே பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. வழிகாட்டுவதற்குப் பெற்றோருக்குத் திறன் இருக்கிறது என்பது அந்த ஆய்வின் பின்புலம். புலமைப்பரிசில் வினாத்தாளைத் தரவிறக்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்ததே பிள்ளை என்ற வீடுகளில் வழிகாட்டி யார்?

பகிர்ந்த போனைப் பற்றி நேரடியாகப் பேசுவது நித்யா சம்பசிவன் குழுவினரின் 2018 ஆய்வு. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பெண்கள் தங்கள் போனைக் குடும்பத்தோடு பகிர வேண்டுமென்ற எதிர்பார்ப்புக்குள் எப்படி அந்தரங்கம் தேடுகிறார்கள் என்று அது காட்டியது. செயலிக்குப் பூட்டு, குறிப்பிட்ட செய்தியை மட்டும் அழித்தல், சிலவேளை போனில் ஒன்றையுமே வைக்காமல் தவிர்த்தல். இலங்கை அதில் இல்லை. ஆனாலும் கிண்ணியாவில் எந்தப் பெண்ணுக்கும் இவை புதியவை அல்ல. பிள்ளைகளும் இதே வித்தைகளைத்தான் கற்கிறார்கள், கற்றது தாயைப் பார்த்து.

பகிர்வில் ஒரு காவல் உண்டு என்பதை மறுக்க முடியாது. இரவில் போன் தாயிடம் திரும்பிவிடுகிறது. யாராவது தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். சொந்தப் போனுள்ள, நகரத்து உவர்மலை வீட்டுப் பிள்ளையைவிடப் பகிரும் வீட்டுப் பிள்ளை திரையோடு குறைந்த நேரமே இருக்கக்கூடும். இதை நான் ஏற்கிறேன். என் தயக்கம், இந்தக் காவல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இல்லை என்பதில். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் யுனிசெப்பும் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் 52.8% பேர் இணையம் பயன்படுத்தினார்கள், தொடங்கிய சராசரி வயது 13. ஆனால் அப்படிப் பயன்படுத்தியவர்களில் பெண்பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குதான். போன் மீன்வாடிக்குப் போகிறது. அடுப்படியிலிருக்கும் பிள்ளைக்கு வினாத்தாள் முடியும்வரை மட்டும்.

சாதனத்தின் மேலுள்ள பயம் பெண்பிள்ளையின் உடலின் மேல் இறங்குவதற்கு இங்கே கண்முன் உதாரணம் உண்டு. 2024இல் உயர்தரப் பெறுபேறுகள் வெளியானபோது திருகோணமலை நகரத்து முஸ்லிம் பாடசாலையொன்றின் 70 மாணவிகளின் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் முக்காட்டால் காதை மூடியிருந்தார்கள் என்பதுதான் முறைப்பாடு. ஒலிக்கருவி எதையும் மறைக்கக் கூடாதென்ற விதியின் நோக்கம் விளங்குகிறது. ஆனால் சந்தேகத்தின் விலையைச் செலுத்தியது எழுபது பிள்ளைகள்.

சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது

இலங்கை இந்த விடயத்தில் சட்டமில்லாத நாடல்ல. 1990களில் நாட்டின் மேற்குக் கடற்கரை உல்லாசப் பயணத் தலங்களில் சிறுவர்கள் சுரண்டப்பட்டபோது பீஸ் போன்ற அமைப்புகள் குரலெழுப்பின. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையில் 286அ பிரிவைச் சேர்த்து, சிறுவரை வைத்து ஆபாசப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கியது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. 2007இல் கணினிக் குற்றச் சட்டம்.

என் கவனத்தை ஈர்ப்பது தண்டனைச் சட்டக்கோவைக்கான 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம். கணினி வழியாகச் சேவை வழங்கும் ஒருவர், அந்த வசதி சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாமலிருக்கத் தேவையான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும், அப்படி நடப்பது தெரிந்தால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமையை அது விதித்தது. எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்கும்போது, சட்டம் வரைந்தவர்களின் மனக்கண்ணில் இருந்தவர் நெட் கஃபேக்காரர் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நல்ல சட்டம். வீட்டுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு இணையம் கொடுத்தவரைப் பொறுப்பாளி ஆக்கியது. பிறகு கஃபே மூடப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு இணையம் கொடுக்கும் வேலை டயலொக், மொபிட்டெல், ஹட்ச் நிறுவனங்களிடம் போனது. யூடியூப்புக்கும் டிக்டொக்குக்குமெனத் தனித்தனித் தரவுப் பொதிகள் வந்தன. கஃபேக்காரர் மேலிருந்த கடமை மட்டும், எந்தச் சட்டத் திருத்தமும் இல்லாமல், அந்தக் கருத்தரங்கின் முன்வரிசைத் தாயின் மடிக்கு வந்துவிட்டது.

2024 ஜனவரி 24இல் நிறைவேறி பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். சிறுவர் பாதுகாப்பு அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. துஷ்பிரயோகப் படங்கள் பற்றிய ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் சட்டத்தின் கனம் முழுவதும் பொய்யான கூற்றுகள் மீதும், அவை எவையென்று தீர்மானிக்கும் ஐவர் ஆணைக்குழு மீதும் இருக்கிறது. பத்திரிகையாளரும் சிவில் அமைப்புகளும் எதிர்த்தது அதைத்தான். அந்த எதிர்ப்பு நியாயமானது. அதன் சத்தத்தில், ஒரே கணக்கில் பல வயதினர் இருக்கும் வீட்டுக்கு இச்சட்டம் என்ன தருகிறது என்று எவரும் கேட்கவில்லை.

2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழானவர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் அவுஸ்திரேலியாவைப் பின்பற்றலாமே என்ற குரல் இனி இங்கும் கேட்கும். அச்சட்டத்தில் எனக்குப் பிடித்தது, தண்டம் நிறுவனத்துக்கு மட்டுமே, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இல்லை என்பது. பிடிக்காதது அது நம்பியிருக்கும் பொறிமுறை. கணக்கின் வயதைச் சரிபார்த்தால் தோப்பூர் வீட்டுக் கணக்கு கேள்வியில்லாமல் தேறிவிடும்.

பொறுப்பை வேறுவிதமாகக் கேட்ட ஒரு நிகழ்வும் இங்கே உண்டு. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் கட்டி முடியாததால் பிள்ளைகள் அதில் போனார்கள். பிள்ளையை ஏன் ஏற்றினீர்கள் என்று எந்தத் தாயையும் எவரும் கேட்கவில்லை. அந்தப் பாதையை ஓட அனுமதித்தது யார் என்றுதான் கிண்ணியா கேட்டது. இணையத்தில் அந்தக் கேள்வி தலைகீழாக நிற்கிறது.

சொல்ல ஓரிடம்

ஏதாவது நடந்துவிட்டால் பிள்ளை எங்கே போகும்? சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது. இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவுக்கு 101. இணையத்தில் துன்புறுத்தப்படும் பெண்களுக்கென ஹிதவதி சேவை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகம். தாளில் குறையில்லை. ஆனால் தொலைபேசி இலக்கங்களுக்கெல்லாம் அதே போனிலிருந்துதான் அழைக்க வேண்டும். அழைத்தது பதிவில் நிற்கும், அடுத்து எடுப்பது அண்ணன். பொலிஸ் நிலையம் போனால் முறைப்பாட்டை எந்த மொழியில் பதிவார்கள் என்பது கிழக்கில் பழைய பிரச்சினை. பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் எந்நேரமும் இருக்க வேண்டுமென்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே பரிந்துரைத்திருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. சொன்னால் முதலில் போன் போகும், பிறகு ரியூஷன் போகும். பெண்பிள்ளையென்றால் பேர் கெட்டுவிடும் என்ற பதற்றத்தில் கலியாணப் பேச்சும் எழும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்சத் திருமண வயது இல்லை. மற்றவர்களுக்கு 1995 முதல் 18 என்றிருந்தும், பதிவில்லாமல் சேர்ந்து வாழ விட்டுவிடும் வழக்கம் தமிழ்க் கிராமங்களிலும் உண்டு. மிரட்டுபவனுக்கு இதெல்லாம் தெரியும். வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்ற ஒரு வரியில்தான் அவன் பலம் முழுக்க இருக்கிறது.

ஆகவே விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசப்பட வேண்டியது வேறு. அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் ஒரே கருவிக்குள் இன்னொரு பயனரை உருவாக்கும் வசதி 2014 முதல் இருக்கிறது. மலிவான சில மாதிரிகளில் அது நீக்கப்பட்டிருந்தாலும், உள்ள போன்களிலாவது பிள்ளைக்குத் தனிப் பக்கம் திறக்கச் சொல்லிக்கொடுப்பது அரை மணி நேர வேலை. போன் விற்கும் கடைக்காரரே செய்து கொடுக்கலாம். அதைவிட அவசியமானது, போன் இல்லாமல், வீட்டைக் கடக்காமல் பிள்ளை போய்ச் சொல்லக்கூடிய ஓர் ஆள். வகுப்புகளுக்கும் நேரசூசிக்கும் நடுவே மாணவர் ஆலோசனைப் பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியையிடம் இன்று அந்த வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவருக்கென ஓர் அறை பல பாடசாலைகளில் இல்லை. விறாந்தையில் நின்று கேட்கிறார்.

தண்டனைச் சட்டக்கோவைக்குத் திரும்பினால், 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாசகத்தில் கஃபே என்ற சொல் எங்கும் இல்லை. கணினி வழியாகச் சேவை வழங்குபவர் என்றே இருக்கிறது. பொதி விற்கும் நிறுவனமும் அதற்குள் வரும் என்று ஒரு சட்டத்தரணி வாதிடலாம். வராது என்று நிறுவனம் வாதிடும். அந்த வாதம் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும், கருத்தரங்கில் அல்ல.